ஏழடி அகலத்தில் இல்லறம்

ஒரு தம்பதி படகிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள் என்று சொன்னதும் கேட்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழும். வாயில் வருவது வேறு கேள்வியாக இருக்கும்: ஆட்டம் காணாதா, குளிராதா, கொசு கடிக்காதா என்று. மனத்தில் நிற்பது கழிப்பறை பற்றிய கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. முதலில் டீயைக் குடித்து முடியுங்கள், அப்புறம் அந்த இடத்துக்கு வருவோம்.

எந்தப் படகு என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். காஷ்மீரத்துத் தால் ஏரியில் நிற்கும் படகு வீடும் ஆலப்புழையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் கெட்டுவள்ளமும் வேறு ரகம். நான் சொல்வது இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட். எஃகுத் தகட்டில் செய்தது. அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 70 அடி வரை போகும் என்றாலும், ஏறக்குறைய எல்லாக் கால்வாய்களிலும் நுழைந்து வெளியே வர 57 அடிதான் தோது. நம் ஊர் டவுன் பஸ்ஸைவிட ஒடுக்கம், நீளம் மட்டும் ஒன்றரை பஸ். அதற்குள் கூடம், அடுப்படி, குளியலறை, படுக்கை, எஞ்சின் எல்லாம் ரயில் பெட்டிகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும்.

ஏன் இத்தனை ஒடுக்கம்? 1760களிலும் 70களிலும் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் மத்திய இங்கிலாந்தில் கால்வாய்கள் வெட்டியபோது, மேடு பள்ளங்களில் படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏழடி அகலத்தில் கட்டினார். அகலம் குறைந்தால் செலவு குறையும், சுரங்கம் குடைவது எளிது, ஒவ்வொரு முறையும் செலவாகும் தண்ணீரும் குறையும். நிலக்கரியையும் பீங்கானையும் கொண்டுபோகப் போட்ட அந்தக் கணக்குதான் இன்றைக்கும் ஒரு தம்பதியின் படுக்கை எத்தனை அடி என்பதைத் தீர்மானிக்கிறது. பல படகுகளில் கட்டில் நான்கடி அகலம். சுவரோரம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

படகில் குடும்பம் நடத்துவது புதிய மோஸ்தர் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலின் போட்டியால் கால்வாய்ச் சரக்குக் கூலி சரிந்தபோது, வீட்டு வாடகையை மிச்சம் பிடிக்கப் படகோட்டிகள் பெண்டு பிள்ளைகளோடு படகிலேயே குடியேறினார்கள். படகின் பெரும்பகுதி சரக்குக்கு. பின்பக்கம் ஏறத்தாழ பத்தடி நீளமுள்ள ஓர் அறைதான் முழுக் குடும்பத்துக்கும். அந்த நெரிசலையும் பிள்ளைகளுக்குப் படிப்பில்லாததையும் கண்டு கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் போராடியதன் விளைவாக 1877-லும் 1884-லும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த சரக்குத் தொழில் அதற்குப் பிறகு எழவே இல்லை.

விரும்பிப் படகுக்குப் போன தம்பதிகளுக்கு முன்னோடி என்று டாம் ரோல்ட், ஏஞ்சலா இருவரையும் சொல்லலாம். 1939-ல் கல்யாணம் ஆன கையோடு ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய மரப்படகில் ஏறினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய ‘நேரோ போட்’ நூல் 1944-ல் வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஐக்மன் ரோல்ட்டைத் தேடி வந்து பேசியதில்தான், கைவிடப்பட்டுக்கொண்டிருந்த கால்வாய்களைக் காப்பாற்ற 1946-ல் ஒரு சங்கம் பிறந்தது. தம்பதியின் கதை அவ்வளவு இனிப்பாக முடியவில்லை. 1951-ல் பிரிந்தார்கள். ரோல்ட் கரையேறினார், ஏஞ்சலா ஒரு சர்க்கஸ் குழுவோடு போய்விட்டார். நாடோடி வாழ்க்கை அவருக்குத்தான் நன்றாகப் பிடித்திருந்தது போலும்.

இனி இன்றைய நிலைமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைல் நீர்வழிகளை கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் நிர்வகிக்கிறது. அதன் நீர்வழிகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் உள்ளன. படகு வைத்திருப்பவருக்கு உரிமம், காப்பீடு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். இதுவரை கார் வைத்திருப்பது போலத்தான். அடுத்த கேள்விதான் வாழ்க்கையையே மாற்றுவது: படகை நிறுத்த உங்களுக்கென்று நிரந்தர இடம் உண்டா, இல்லையா?

இடம் இருந்தால் அதற்கு வாடகை கட்ட வேண்டும். அதிலும் குடியிருக்க அனுமதியுள்ள இடம் கிடைப்பது அரிது. இடம் இல்லையென்றால் 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் ஒரு நிபந்தனை போடுகிறது: படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. நியாயமான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. எஞ்சின் பழுது, பனி உறைவு, உடல்நலக் குறைவு போன்றவற்றைத் தெரிவித்து அவகாசம் கேட்கலாம்.

பதினைந்தாம் நாள் பக்கத்துப் பாலத்துக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எத்தனை மைல் என்று சட்டத்தில் எண் இல்லை. ஆனால் உரிமக் காலம் முழுவதும் 20 மைல் எல்லைக்குள்ளேயே சுற்றியவர் நிபந்தனையை நிறைவேற்றியதாகக் கொள்வது கடினம் என்பது அறக்கட்டளையின் நிலைப்பாடு. படகின் எண்ணைக் குறித்துக்கொள்ள ஆட்கள் கரையோரம் வருவார்கள். தவிர, நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகை சேர்ந்துவிட்டது. இது நியாயமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இதை வேலைக்குப் போகும் இருவரின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் மாறும், ரயில் நிலையம் மாறும், பால் வாங்கும் கடை மாறும். படகின் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலை எழும்பி அவற்றைக் கட்டிய கயிறு இழுபடும், அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும். ஆகவே வாரக் கடைசி நாள் ஒன்று வீடு மாற்றுவதிலேயே போய்விடும். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வீடு என்றால் சிக்கல் இரட்டிப்பு. தபாலுக்கு உறவினர் வீட்டு முகவரியையோ கடிதங்களைப் பெற்று அனுப்பித்தரும் சேவையையோ நம்ப வேண்டும். மருத்துவரிடம் பதிந்துகொள்ள முகவரிச் சான்று கட்டாயமில்லை என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் விதி, ஆனால் வரவேற்பு மேஜையில் அதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஓட்டுப் போட, அதிக நேரம் கழிக்கும் ஓர் ஊரைக் காட்டி உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, உள்ளே போவோம். கரையில் இருக்கும் வீடு நமக்காகச் சத்தமில்லாமல் செய்கிற எல்லா வேலையையும் படகில் கையால் செய்ய வேண்டும். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். படகின் முன்பக்கத் தொட்டி சுமார் 500 லிட்டர் பிடிக்கும். இங்கிலாந்தில் தரையில் வாழும் ஒருவர் நாளொன்றுக்கு 140 லிட்டர் அளவில் செலவழிக்கிறார். அந்தப் பழக்கத்தோடு இருவர் படகேறினால் இரண்டாம் நாளே குழாய் காற்றுதான் விடும். படகுக்காரர்கள் அதே தொட்டியைப் பத்து நாளுக்கு இழுப்பார்கள். உடம்பை நனைத்ததும் குழாயை மூடு, சோப்பு போடு, மறுபடி திற. பாத்திரத்தை முதலில் துடை, பிறகு கழுவு. கரையில் அங்கங்கே குழாய் உண்டு, பூட்டைத் திறக்கச் சாவி உண்டு, நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகும். அடுப்படித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் நேராகக் கால்வாயில்தான் விழும் என்பதால் சோப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

கழிப்பறைக் கழிவைக் கால்வாயில் விடக் கூடாது. இதற்கு மூன்று வழி. ஒன்று, படகுக்குள் பெரிய தொட்டி வைத்து, படகுத்துறையில் காசு கட்டி உறிஞ்சி எடுக்கச் சொல்வது. இரண்டு, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை. மூன்றாவது, மிகவும் பரவலானது, கேஸட். இருக்கைக்குக் கீழே 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. இருவருக்கு மூன்று நான்கு நாள் தாங்கும். நிரம்பியதும் இழுத்தெடுத்து, கரையில் எல்சன் என்று சொல்லும் தொட்டியில் கவிழ்த்து, அலசி, நாற்றம் போக்கும் மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். பக்கத்தில் எல்சன் இல்லாத நிறுத்தத்துக்கு இரண்டாவது கேஸட் கையிருப்பில் வேண்டும். ‘இந்த முறை யார் முறை’ என்பதில் வீடு நிற்கும் அல்லது விழும். இதை ஒருவர் தலையிலேயே கட்டிய தம்பதி நெடுநாள் படகில் தாக்குப்பிடிப்பதில்லை.

மின்சாரத்துக்குக் கூரையில் சோலார், எஞ்சினோடு ஆல்டர்னேட்டர், பின்பக்கத்தில் பேட்டரி வரிசை. ஜூன் மாதத்தில் வெயிலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், சோலார் கிட்டத்தட்ட அலங்காரப் பொருள் ஆகிவிடும். அப்போது தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். இரவு 8 முதல் காலை 8 வரை பிற படகுகளுக்கு அருகில் எஞ்சின் ஓட்டக் கூடாது என்று விதி. ஆபீஸ் விட்டு ஏழரைக்குத் திரும்புகிறவருக்கு மிச்சம் அரை மணி. அதே எஞ்சின் சூடுதான் குளிக்கவும் வெந்நீர் தருகிறது. முடி உலர்த்தும் கருவி, இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் மூன்றும் பேட்டரிக்கு எதிரிகள். டீக்கு எரிவாயு அடுப்பில் விசில் கெட்டில்.

எரிவாயு 13 கிலோ புரொப்பேன் சிலிண்டரில் வரும். நம் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, ஆகவே கனம் உங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அதை அடுப்பங்கரையில் வைக்க முடியாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். அதனால் படகின் முனையில் தனி அறை, அதன் அடியில் நீர்மட்டத்துக்கு மேலே துவாரம். கசிந்தால் வெளியே வழிந்து ஓடிவிட வேண்டும்.

குளிருக்குக் கூடத்தில் ஓர் இரும்பு அடுப்பு. புகையில்லா நிலக்கரியை மூட்டையாகக் கூரையில் அடுக்கியிருப்பார்கள். நிலக்கரி, டீசல், சிலிண்டர் மூன்றையும் ஏற்றிக்கொண்டு கால்வாயிலேயே வரும் எரிபொருள் படகுகளும் உண்டு. இரவில் காற்றுத் துவாரத்தைச் சுருக்கிவிட்டால் நெருப்பு விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். சரியாகச் சுருக்கத் தெரியாதவருக்கு நவம்பர் காலை 6 மணிக்கு மூக்கு நுனி சில்லிட்டு விழிப்பு வரும். யார் முதலில் போர்வையை விட்டு எழுவது என்பது அன்றைய முதல் பேச்சுவார்த்தை. எழுந்தவர் சாம்பலை வாரி உலோக வாளியில் போட்டு உடனே வெளியே வைக்க வேண்டும். கனல் சாம்பலும் கார்பன் மோனாக்சைடு கக்கும். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். படகுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி 2019 ஏப்ரல் முதல் கட்டாயம்.

இப்போது லாக்குக்கு வருவோம். தம்பதியின் பொருத்தத்தை ஜாதகத்தைவிட நன்றாகக் காட்டும் இடம் இது. இரு முனையிலும் மரக்கதவு போட்ட கல் தொட்டிதான் லாக். மேலே ஏற வேண்டுமானால் ஒருவர் விண்ட்லஸ் என்ற, நம் ‘ட’ எழுத்துப் போன்ற, இரும்புக் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் குதிப்பார். தொட்டி காலியாக இருந்தால் கீழ்க்கதவைத் திறப்பார். மற்றவர் சுக்கானைப் பிடித்துப் படகை உள்ளே விடுவார், இரு பக்கமும் ஓரங்குலம்தான் இடைவெளி. கதவை மூடி, மேற்பக்கம் போய், விண்ட்லஸைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் மதகு உயரும். தண்ணீர் கொப்பளித்து உள்ளே பாயும். இருபக்க மட்டமும் சமமாகும்வரை மேற்கதவை யானை தள்ளினாலும் அசையாது. சமமானதும் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தால் தானாக வழி விடும். ஒரு படகு ஒருமுறை கடந்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே இறங்குகிறது.

இறங்கும்போதுதான் ஆபத்து. மேற்கதவுக்குக் கீழே தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல் படி உண்டு. தொட்டி நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள்: படகின் பின்பக்கம் இதற்கு முன்னால் இருக்கட்டும் என்று. சுக்கான் பிடித்தவர் கவனம் பிசகிப் படகு கோட்டுக்குப் பின்னால் நகர்ந்தால், நீர் இறங்க இறங்கப் பின்பக்கம் கல்லில் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் மட்டும் கீழே போகும். சில நிமிடங்களில் முனை வழியாகத் தண்ணீர் ஏறிப் படகு மூழ்கும். வீடு, உடைமை, துணிமணி எல்லாம் அதோடு. ஆகவே மதகருகே நிற்பவர் கண் படகை விட்டு அகலக் கூடாது. படகில் இருப்பவர் கத்தினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் மதகை மூட வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கைச்சாடை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். டார்டிபிக் என்ற இடத்தில் இப்படி 30 லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன, பிரிட்டனிலேயே நீண்ட படிவரிசை அது. அரை நாள் பிடிக்கும்.

பல தம்பதிகளில் கணவர் சுக்கானோடு நிற்பார், மனைவி கதவைத் தள்ளுவார். எனக்கு இது புரிந்ததே இல்லை. கதவுக்கு உடல்பலம் வேண்டும், சுக்கானுக்குக் கவனம் போதும். தவிர, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டாமா? இடம் மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் கோயிலும் தமிழ்க் கடைகளும் இருக்கும் ஆல்பர்ட்டனில், ஈலிங் ரோட்டுப் பாலத்துக்கு அடியில் ஓடுவது கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை. மேற்கு லண்டன் பக்கம் பூசைத் தேங்காய்கள் நீரில் மிதந்துவருவது படகுக்காரர்களுக்குப் பழகிய காட்சி. தேங்காயால் பெரிய தொந்தரவில்லை. துணியும் பிளாஸ்டிக் பையும்தான் எமன். ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்க மூடியைத் திறந்து, உறைகிற தண்ணீரில் தோள்வரை கையை விட்டு ரொட்டிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். மூடியைத் திரும்ப இறுக்க மறந்து எஞ்சினை ஓட்டி மூழ்கிய படகுகளும் உண்டு. பாலத்திலிருந்து பூசைத் துணியை நீரில் விடாதீர்கள்.

பணக் கணக்கு? படகின் விலை லண்டன் ஃபிளாட் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் வீட்டின் விலை ஏறுவது போலப் படகின் விலை ஏறாது. வழக்கமான வீட்டுக் கடன் கிடைக்காது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து அடிப்பகுதிக்குத் தார் பூச வேண்டும், துரு தகட்டைத் தின்னாமல் இருக்க. உரிமம், காப்பீடு, டீசல், நிலக்கரி, சிலிண்டர், பேட்டரி என்று பட்டியல் போட்டுக் கூட்டினால் ‘வாடகை மிச்சம்’ என்ற சொல் பாதியாகச் சுருங்கிவிடும். வாடகைக்குப் பயந்து மட்டும் படகேறுகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

யாருக்கு ஒத்துவரும்? வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் வழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு. கோபத்தில் கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை இல்லாமல் சண்டையை முடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு. இரண்டு வாரத்துக்கொருமுறை வாசல் மாறுவதைத் தொல்லை என்று எண்ணாதவர்களுக்கு. ஆசை இருந்தால் ஜூலை வெயிலில் வாடகைப் படகில் ஒரு வாரம் இருந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், அந்த வாரத்தில் எல்லோருக்கும் படகு பிடித்துவிடும். குளிர்காலத்திலும் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் உண்டு. பழுதுபார்க்கச் சில லாக்குகளை மூடியிருப்பார்கள், வழியை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஒரு வாரம் இருவருமாகப் போய், அடுப்பு மூட்டி, லாக் ஏறி, கேஸட்டைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்த பிறகும் இருவருக்கும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒருவருக்கு மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.